வேலூர்ச் சூட்டில் லாக்கெனாலியா: குளிர்காலக் கிழங்குப்பூவை முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

லாக்கெனாலியா, சாம்பார் வெங்காயம் அளவுள்ள கிழங்கிலிருந்து முளைக்கும் சிறு பூச்செடி. பெரும்பாலும் இரண்டே இலை. நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தண்டு எழும்பி, அதைச் சுற்றிக் குழல் குழலாகப் பூக்கள் தொங்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, ஊதா எல்லாம் உண்டு. மயில்கழுத்து நிறத்தில் பூக்கும் இனம்கூட இருக்கிறது. பல இனங்களில் இலையே அழகு: பச்சையின் மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். 1784-ல் பெயர் பெற்ற பேரினம் இது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத் தாவரவியல் பேராசிரியர் வெர்னர் டி லாக்கெனால் நினைவாக வைத்த பெயர். 130-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தென்னாப்பிரிக்காவும் அதை ஒட்டிய நமீபியாவும்தான் அவற்றின் தாய்வீடு.

இதை வேலூரில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் இங்கே இதற்கு எது ஒத்துவராது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்தச் செடிகள் மிகுதியாக வளரும் கேப் டவுன் பக்கம் மழை பெய்வதே குளிர்காலத்தில்தான், மே முதல் ஆகஸ்ட் வரை. அப்போது பகல் 18 டிகிரி, இரவு 7 டிகிரி அளவில் இருக்கும். கோடையில் அங்கே மழை மிகக் குறைவு. ஆகவே முதல் மழைக்கு முளைத்து, குளிரில் பூத்து, கோடை வந்ததும் இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் உலர்ந்த கிழங்காக உறங்குவது இதன் இயல்பு.

நம் ஊர்க் கணக்கு வேறு. மார்கழி, தையில் பகல் 28–30 டிகிரி, இரவு 18-ஐ ஒட்டி. சித்திரை வெயில் 40-ஐத் தாண்டும். அதோடு ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு மழை, பிறகு ஐப்பசி அடைமழை. கிழங்கு உலர்ந்து உறங்க வேண்டிய மாதங்களில்தான் நமக்கு மண் நனைகிறது. இந்தக் கிழங்குக்குச் சூடு மட்டும் என்றால் தாங்கிக்கொள்ளும். ஈரம் மட்டும் என்றால் தழைக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் சில நாட்களில் கூழாகிவிடும். கீழே வரும் எல்லா வேலைகளும் இந்த இரண்டையும் சேரவிடாமல் பிரித்து வைப்பதற்காகத்தான்.

எந்த ஊருக்கு எந்த இனம்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் போன்ற சமவெளி ஊர்களில் கையில் கிடைப்பது ஏறக்குறைய நான்கு மாதம்: நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை. அதற்குள் முளைத்து, பூத்து, அடுத்த வருடத்துக்கான சத்தைக் கிழங்கில் சேர்த்தாக வேண்டும். எனவே முளைத்த கையோடு பூக்கும் இனங்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். லாக்கெனாலியா பல்பிஃபெரா, லாக்கெனாலியா ருபிடா, லாக்கெனாலியா விரிடிஃப்ளோரா ஆகிய மூன்றும் தங்கள் சொந்த மண்ணில் குளிர்காலத்தின் முற்பாதியிலேயே பூக்கத் தொடங்குபவை. மயில்கழுத்து நிறம் என்று சொன்னது விரிடிஃப்ளோராதான். லாக்கெனாலியா அலாய்டிஸ் இவற்றுக்கு அடுத்தபடி. மஞ்சளும் சிவப்பும் கலந்த பூ, பரவலாக வளர்க்கப்படுவது.

கன்டாமினேட்டா, ஆர்க்கியாய்டிஸ் போன்ற இனங்களின் படங்கள் மனதை இழுக்கும். ஆனால் அவை பூப்பது குளிர் முடிந்து வசந்தம் தொடங்கும்போது. நம் சமவெளியில் அந்த நேரத்துக்குப் பங்குனி வெயில் வந்துவிடும், மொட்டு இலைக்கு நடுவிலேயே கருகும். முதல் வருடம் அவற்றைத் தொடாதீர்கள்.

ஏலகிரி கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேல். கீழே இருப்பதைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும் என்பதால் அங்கே அக்டோபர் கடைசியிலேயே நடலாம், தாமதமாகப் பூக்கும் இனங்களையும் முயலலாம். ஜவ்வாது மலையில், வானாய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர் உயரம். அந்த மட்டத்தில் உள்ள ஊர்களுக்குப் பலன் நடுத்தரம். சமவெளியில் ஒவ்வொரு வருடமும் எல்லாக் கிழங்கும் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பனி நன்றாக இறங்கும் வருடத்தில் நிறையப் பூக்கும், மேகமூட்டமும் புழுக்கமுமாகப் போன வருடத்தில் இலையோடு நின்றுவிடும். கிழங்கு பிழைத்திருந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தொடங்க ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் பல்பிஃபெரா. கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகளைத் தானே விடும். ஒன்று அழுகினாலும் வம்சம் அற்றுப்போகாது.

கிழங்கு வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து கிழங்கு வரவழைக்க வேண்டுமானால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரநலச் சான்றிதழும் தேவை. சும்மா பார்சலில் போட்டு அனுப்பச் சொன்னால் சுங்கத்தில் நின்றுவிடும். அதைவிட, நாட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வருடம் வளர்ந்த கிழங்கை வளர்ப்பவரிடமிருந்து வாங்குவது எல்லா வகையிலும் மேல். காரணம் பருவம். தென்னாப்பிரிக்காவிலிருந்து நேரே வரும் கிழங்கு அங்கே கோடையான டிசம்பர், ஜனவரியில் உறங்கும்; அதன் உடம்புக்கு மார்ச்சில் முளைக்க வேண்டும் என்ற நினைப்பு இருக்கும். நமக்கு மார்ச்சில் முளைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி வந்த கிழங்கைப் பத்து மாதம் உலர்வாக வைத்திருந்து நவம்பரில் நட்டுத்தான் வழிக்குக் கொண்டுவர முடியும். அதற்குள் பாதி வற்றிச் சுருங்கிவிடும்.

தென்னாப்பிரிக்க அரசின் வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் பிரிட்டோரியாவுக்கு அருகே ரூடபிளாட்டில் உருவாக்கிய கலப்பு ரகங்களும் உண்டு. ரொனினா மஞ்சள், ரூபர்ட் ஊதா. தண்டு தடித்து, பூ நெருக்கமாக வரும். கிடைத்தால் விடாதீர்கள்.

கையில் எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல் கெட்டியாக இருக்க வேண்டும். அடித்தட்டு, அதாவது வேர் விடும் வட்டப்பகுதி, உலர்ந்து வெளிர்நிறமாக இருக்க வேண்டும். அங்கே பழுப்பு வளையமோ, அழுத்தினால் உள்வாங்கும் மென்மையோ தெரிந்தால் வேண்டாம். மேல்தோலை லேசாக நகத்தால் நெம்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கிழங்கு அந்த வருடம் பூப்பது அரிது. ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், வெங்காயக் கூடையில் கலந்துவிடும்.

மண் கலவை: அவசரப்படக் கூடாத வேலை

பாலாற்று மணல் கிடைக்காத காலத்தில் கடையில் கிடைப்பது கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டும் பி-சாண்டும். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் நைசானது. தொட்டியில் போட்டால் சிமென்ட் போல் இறுகும். வேண்டவே வேண்டாம். எம்-சாண்ட் உதவும், ஆனால் பையைப் பிரித்து அப்படியே கொட்டக் கூடாது. அதில் கல் உடைத்த தூசி கலந்திருக்கும். முதல் இரண்டு தண்ணீருக்கு நன்றாக வடிவதுபோல் தெரியும். பிறகு அந்தத் தூசி அடியில் இறங்கிப் படிந்து, தொட்டியின் கீழ்ப்பாதியில் சேறாக நிற்கும். மேலே காய்ந்திருக்கும், கீழே கிழங்கின் வேர் ஊறிக்கொண்டிருக்கும். செடி ஏன் போனது என்றே தெரியாமல் போவது இப்படித்தான்.

ஆகவே, எம்-சாண்டை ரவை சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். கீழே விழுவதை ஒதுக்கிவிட்டு மேலே தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாளியில் பாதி அளவு போட்டு, தண்ணீர் ஊற்றி, கையை உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். தண்ணீர் சாம்பல் நிறமாகப் பால்போல் கலங்கும். பரபரவென்று சாய்த்து ஊற்றுங்கள். மறுபடி. நாலைந்து முறை கழுவிய பிறகு, சுழற்றிக் கையை எடுத்ததும் பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் தெளிந்து வாளியின் அடி தெரிய வேண்டும். அதுவரை கழுவுங்கள்.

கலவை விகிதம்: கழுவிய எம்-சாண்ட் மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிச் சலித்த இலைமக்கு ஒரு பங்கு. 6 அங்குலத் தொட்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கலவை பிடிக்கும். ஆறு தொட்டி என்றால் மணல் 6 லிட்டர், செம்மண் 2, இலைமக்கு 2. கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது மேற்பூச்சுக்கு ஆகும். கருங்கல் சிப்ஸ் ஒரு கிலோ தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். விரிடிஃப்ளோரா சொந்த மண்ணில் வளர்வதே கிரானைட் பாறை இடுக்குகளில்தான் என்பதால் நம் குவாரிக் கல்லைப் பற்றித் தயங்க வேண்டாம். சுண்ணாம்புக் கல் மட்டும் கலக்காதீர்கள்.

தேங்காய் நார்க்கழிவு வேண்டாம். மாடித்தோட்டக் கலவை என்றாலே அதைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பார். தக்காளிக்கும் கத்தரிக்கும் அது சரி. இந்தக் கிழங்குக்கு அது தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதே கேடு. சரியாக அலசாத நார்க்கழிவில் உப்பும் அதிகம். மாட்டுச் சாணம், கோழி எரு, ஆட்டுப் புழுக்கை எதுவும் கூடாது.

கலவை சரிதானா என்று பார்க்க ஒரு வழி: தொட்டியை நிரப்பி அரை லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டி நிற்காமல், ஊற்றி முடிப்பதற்குள் அடித்துளையில் ஒழுகத் தொடங்க வேண்டும். பதினைந்து நொடிக்கு மேல் தேங்கினால் இன்னும் ஒரு பங்கு மணல் சேருங்கள்.

செம்மண்ணிலும் இலைமக்கிலும் அழுகல் பூஞ்சை இருக்கும். அதற்கு அக்னி நட்சத்திர வெயிலையே பயன்படுத்திக்கொள்ளலாம். மே மாதம் இரண்டையும் லேசாக ஈரமாக்கி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் கல் வைத்து நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். கறுப்புத் தாள் போட்டால் அடிமண் அவ்வளவு சூடேறாது.

தொட்டி மண் தொட்டியாக இருக்கட்டும். பக்கச்சுவர் வழியாக ஈரம் ஆவியாகும்போது உள்மண் குளிரும். பிளாஸ்டிக் தொட்டியிலும் சிமென்ட் தொட்டியிலும் இந்த வசதி கிடையாது.

தண்ணீரின் உப்பு

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட கதை ஊரறிந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விவகாரம். அந்தப் பகுதிகளில் மட்டுமல்ல, வேலூர் வட்டாரத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீர் கடுப்பாகத்தான் இருக்கிறது. லாக்கெனாலியாவுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. இலை நுனி பழுப்பாகக் கருகி, அந்தக் கருகல் வாரத்துக்கு ஒரு விரல்கடை கீழே இறங்கும்.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் பாருங்கள்; 300-க்குள் இருந்தால் நல்லது, 500-க்கு மேல் என்றால் ஊற்றாதீர்கள். எல்லாவற்றையும்விடச் சிறந்தது மழைநீர். ஆறு தொட்டிக்கு ஒரு பருவம் முழுக்க 100 லிட்டர் தாராளம். ஐப்பசி மழையில் மாடிக் குழாயிலிருந்து ஒரு டிரம் பிடித்து வைத்துவிட்டால் மாசி வரை கவலை இல்லை. முதல் பத்து நிமிட மழை மாடித் தூசியோடு வரும், அதை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், டெங்குக் கொசு முட்டையிடும். ஏசியில் சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, அதையும் சேர்த்து வைக்கலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பெல்லாம் திரண்டு இருக்கும். அது மட்டும் கூடாது.

நடவு

கர்ணனுக்குப் பிறகு கொடை இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை என்பார்கள். சமவெளியில் கார்த்திகை பிறந்து, இரவில் போர்வை தேடத் தொடங்கும் நாளைக் கணக்காக வைத்து நடுங்கள். தேதியாகச் சொன்னால் நவம்பர் 15 முதல் 30 வரை. அதற்கு முன் மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், அழுகல் வரும். டிசம்பர் நடுவைத் தாண்டினால் பூக்க நாள் போதாது. பழமொழியை நம்பிக் கூரை இல்லாத இடத்திலும் வைத்துவிடாதீர்கள். 2022-ல் மாண்டஸ் புயல் கரை கடந்தது டிசம்பர் 9-ஆம் தேதி இரவு. மழை சாய்ந்து அடித்தாலும் தொட்டியில் விழாத இடம் வேண்டும்.

நடுவதற்கு முந்தின நாள் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, கிழங்குகளை 20 நிமிடம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். வேதிமருந்து வேண்டாம் என்பவர்கள் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இலைமக்கில் கலந்துகொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான். கார்பென்டசிம் டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும், இரண்டையும் சேர்த்துப் போடுவது காசுக்குக் கேடு.

தொட்டியின் துளை மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து, முக்கால் பாகம் கலவை நிரப்புங்கள். கிழங்கு உட்காரும் இடத்தில் ஒரு சிட்டிகை வெறும் மணல் தூவி, அதன்மேல் முனை மேல்நோக்க வையுங்கள். எது மேல், எது கீழ் என்று தெரியாவிட்டால் படுக்க வைத்துவிடுங்கள், முளை தானே திரும்பிக்கொள்ளும். கிழங்கின் தலைக்கு மேல் 2 முதல் 3 சென்டிமீட்டர் கலவை இருக்கட்டும். 6 அங்குலத் தொட்டிக்கு ஐந்து அல்லது ஆறு கிழங்கு. தொட்டிச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளியே வையுங்கள், வெயில் பட்ட சுவர் பக்கத்துக் கிழங்கைச் சுடும். கடைசியாக ஒரு சென்டிமீட்டருக்குச் சிப்ஸ் பரப்புங்கள். இலையின் கழுத்து ஈர மண்ணைத் தொடாமல் இருக்க இது உதவும். அணில் தோண்டும் வீடுகளில் கோழிவலை ஒன்றை மேலே கவிழ்த்துவிடுங்கள். ஏலகிரியில் குரங்குக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

முதல் தண்ணீர் கீழிருந்து: ஒரு பேசினில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, 20 நிமிடம் தொட்டியை உட்கார வைத்து, எடுத்து முழுக்க வடியவிடுங்கள். பிறகு முளை தெரியும் வரை பெரும்பாலும் தண்ணீரே தேவைப்படாது. முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த நாட்களில் பொறுமை இழந்து தினமும் தெளிப்பதுதான் புதியவர்கள் கிழங்கை இழக்கும் முதல் வழி. வேர் இல்லாத கிழங்கால் அந்த ஈரத்தைக் குடிக்க முடியாது.

முளைத்த பிறகு

கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் பாதி வேலை முடிந்தது. காலை வெயில் 11 மணி வரை நேராகப் பட வேண்டும், பிறகு நிழல். மாடி என்றால் 11 மணிக்கு மேல் 50 சதவீதப் பச்சை வலை. வெயிலைக் குறைத்தால் குளிர்ச்சி என்று நினைத்து நாள் முழுக்க நிழலில் வைக்காதீர்கள். நம் சூட்டில் வெளிச்சமும் குறைந்தால் இலை நீண்டு தொய்ந்து தொட்டிக்கு வெளியே விழும், பூத்தண்டு நிற்காது. மாடித் தளத்தில் நேரே வைப்பதும் தவறு. பகலில் வாங்கிய சூட்டைத் தளம் இரவு வெகுநேரம் விட்டுக்கொண்டிருக்கும். இந்தச் செடிக்கு இரவுக் குளிர்ச்சிதான் மருந்து. இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும்.

தண்ணீர் ஊற்ற நாள் கணக்கு வேண்டாம், குச்சிக் கணக்குப் போதும். எரிந்து தீர்ந்த ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடி வரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். கீழ் நுனி மட்டும் ஈரமாக நிறம் மாறி இருந்தால் மறுநாள் காலை ஊற்றலாம். பாதிக் குச்சி ஈரமாக இருந்தால் இரண்டு நாள் போகட்டும். முழுக்க வெளுத்து வந்தால் உடனே. ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். காலையில் மட்டும், இலை நடுக்குழியில் தண்ணீர் தங்க வேண்டாம். தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது.

உரம் அதிகம் கேட்காது. இலை இரண்டு அங்குலம் வந்ததும் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மொட்டு நிறம் காட்டும்வரை. யூரியா பக்கம் போகாதீர்கள்.

ஜனவரி கடைசியிலிருந்து இலைகளின் நடுவே தண்டின் தலை தெரியும். முதலில் அது மண்ணை ஒட்டி, பச்சை மணிகள் நெருக்கிக் கோத்தாற்போல் இருக்கும். பிறகு தண்டு நீண்டு மணிகள் இடைவெளி விட்டு, அடியிலிருந்து மேலாக நிறம் ஏறும். தண்டிலும் பல ரகங்களில் கருஞ்சிவப்புப் புள்ளி இருக்கும். இந்த வாரங்களில் ஒருநாள்கூட மண் முழுக்கக் காயக் கூடாது. அடிப்பூ விரிந்ததும் தொட்டியை வெளிச்சமான நிழலுக்கு மாற்றினால் பூ கூடுதல் நாள் நிற்கும். தென்னாப்பிரிக்காவில் சிவப்பு, ஆரஞ்சுக் குழல்பூக்களுக்குத் தேன்சிட்டுகள்தான் மகரந்தம் சேர்க்கின்றன. நம் வீட்டுத் தேன்சிட்டு வந்தாலும் வரட்டும்.

கெட்டுப்போனால் எதனால்

முளைத்த இலை ஒரே நாளில் மஞ்சளாகிச் சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் கிழங்கின் அடித்தட்டு அழுகிவிட்டது. தோண்டி எடுங்கள். மேல் அடுக்குகள் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அழுகலைக் கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, பூஞ்சைக்கொல்லித் தூள் தொட்டு, உலர்ந்த மணலில் வைத்துப் பார்க்கலாம். துர்நாற்றம் வந்தால் வீசிவிடுங்கள், அந்தத் தொட்டி மண்ணையும் சேர்த்து.

தண்டு தலை காட்டிவிட்டு நீளாமல் இலை நடுவிலேயே காய்ந்தால், மொட்டு உருவான வாரத்தில் இரவுச் சூடு அதிகமாக இருந்திருக்கும், அல்லது மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்திருக்கும். இலை மட்டும் செழித்துப் பூவே வராவிட்டால் கிழங்கு சிறியது, இல்லையென்றால் போன வருடம் இலையைச் சீக்கிரம் வெட்டியிருப்பார்கள்.

இலையில் வெளிர்பச்சைக் கோடுகளும் திட்டுகளுமாக, பூவின் நிறம் உடைந்து வந்தால் மொசைக் வைரஸ். ஆர்னிதோகேலம் மொசைக் என்ற வைரஸ் இந்தச் செடியின் பெரிய எதிரி. அசுவினி வழியாகப் பரவும், மருந்து கிடையாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு செடியைக் கிழங்கோடு எரித்துவிடுங்கள். ஒன்றைக் காப்பாற்றப் பார்த்தால் அத்தனையும் போகும். அசுவினிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் சில சொட்டு கலந்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கோடை உறக்கம்

பூத்து முடிந்த தண்டை, விதை வேண்டாம் என்றால் வெட்டிவிடுங்கள். இலையைத் தொடாதீர்கள். அடுத்த வருடப் பூ அந்த இலை சேர்க்கும் சத்திலிருந்துதான் வரும். மார்ச் நடுவில் இலை நுனி மஞ்சளாகும். அதுவரை வழக்கம்போல் தண்ணீர், அதன்பின் பாதி, ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டும் வேண்டாம். வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றுவதுதான் இங்கே கிழங்குகள் சாகும் இரண்டாவது வழி.

இலை வைக்கோலாகக் காய்ந்ததும், ஏப்ரல் முதல் வாரத்தில் தொட்டியைக் கவிழ்த்துக் கிழங்குகளை எடுங்கள். வேரையும் காய்ந்த இலையையும் கையால் நீக்கி, பழுப்பு மேல்தோலை அப்படியே விட்டு, ஒரு வாரம் நிழலில் காயவையுங்கள். பிறகு துணிப்பையில் உலர்ந்த மணலோடு கலந்து, தரைத்தள வீட்டின் உள்ளறையில், காற்றாடும் இடத்தில் தொங்கவிடுங்கள். பரண் கூடாது, மேல்தளத்தின் சூடு நேரே இறங்கும் இடம் அது. தகரக் கொட்டகை கூடவே கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் வியர்க்கும். ட்யூலிப்பைப் போல் குளிர்ப்பதனம் கேட்கும் கிழங்கு இது இல்லை, ஃப்ரிஜ்ஜில் வைக்கத் தேவையில்லை.

ஏலகிரியில் இத்தனை பாடு வேண்டாம். கிழங்கைத் தொட்டியிலேயே விட்டு, கூரைக்கு அடியில் தொட்டியைப் படுக்கப் போட்டுவிடுங்கள். சாரல் வந்தாலும் உள்ளே இறங்காது.

மாதம் ஒருமுறை பையைத் திறந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், முக்கியமாக ஆடி, ஆவணியில். மெத்தென்று இருப்பதை உடனே நீக்குங்கள். புரட்டாசியிலேயே சில கிழங்குகளில் பச்சை முனை எட்டிப் பார்க்கும், காற்றின் ஈரத்துக்கே விழித்துக்கொண்டவை அவை. ஒரு சென்டிமீட்டர் வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் நீண்டால் நவம்பருக்காகப் பிடித்து வைக்காமல், கூரைக்கு அடியில் மிகக் குளிர்ந்த மூலையில் நட்டு, குச்சி முழுக்கக் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டுங்கள்.

பெருக்கம்

இலைத்துண்டு வழிதான் வேகமானது. டிசம்பர் கடைசிக்குள், நன்கு முற்றிய இலை ஒன்றை அடியோடு வெட்டி, 5 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, வெட்டுவாய் அரை நாள் உலர்ந்ததும், அடிப்பக்கம் கீழாக ஈரமான கழுவிய மணலில் 2 சென்டிமீட்டர் ஆழம் செருகுங்கள். எந்தப் பக்கம் அடி என்பது மறந்துவிடாமல் இருக்க வெட்டும்போதே மேல்நுனியைச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றரை மாதத்துக்குள் வெட்டுவாயில் மிளகளவு கிழங்குகள் வரிசையாகக் கட்டும். அவை பூக்க இரண்டு மூன்று பருவம் ஆகும். ஜனவரிக்குப் பிறகு செருகினால் கிழங்கு கட்டுவதற்குள் சூடு வந்துவிடும்.

விதை கறுப்பாகப் பளபளக்கும். நவம்பர் நடுவில் அதே கலவையில் தூவி, அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக மணல் மூடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும், பெரும்பாலும் மூன்றாம் பருவத்தில் பூக்கும். விதையிலிருந்தும் இலையிலிருந்தும் வந்த குட்டிக் கிழங்குகளை முதல் கோடையில் தோண்டாதீர்கள். மணலில் தேடிப் பிடிக்கவும் முடியாது, அவ்வளவு சிறியது வெளியே கிடந்தால் வற்றியும் போகும். தொட்டியோடு உள்ளறையில் வையுங்கள். இனத்தின் பெயரையும் நட்ட வருடத்தையும் பென்சிலால் பட்டையில் எழுதித் தொட்டிக்குள் செருகிவிடுங்கள், மார்க்கர் எழுத்து வெயிலில் வெளுத்துவிடும்.